ஒரு பைட்

நார்வாவில் இரவு இரண்டே முக்கால்.
ஆறு உறைந்து கிடக்கிறது.
அக்கரையில் வேறு நாடு, ஒரு மணி நேரம் முந்திய கடிகாரம்.
இக்கரையில்
பதினோரு அடுக்குமாடிகளுக்கு வெந்நீர் தள்ளும் பம்பு
தன் கோப்பை நள்ளிரவுக்குப் பின் ஒருமுறை திரும்பப் படித்தது,
தெரியாத சொல் ஒன்றைக் கண்டது,
நின்றுவிட்டது.

நிலையத்தில் உர்மாஸ்
நாற்பத்தெட்டாம் வரியை ஏழாவது தடவை பார்க்கிறான்.
"சரியாத்தானே இருக்கு?" என்கிறான் தொலைபேசியில்.
சரியாகத்தான் இருந்தது,
பார்ப்பதற்கு.

இனெஸ்ஸா வீட்டில், விளக்கு போடாமல்.
போட்டால் பூனை எழுந்துகொள்ளும்,
விளக்கால் அவளுக்கு வேறு லாபமும் இல்லை.
அவள் கட்டடமும் பதினொன்றில் ஒன்று.
ரேடியேட்டரைத் தொட்டாள். கல்.

முதலில் முழுத்திரைத் தொகுப்பான் ஒன்றைத் திறந்து பார்த்தாள்.
அம்புவிசை ஒன்றை அழுத்தியதும்
திரை தன்னை அடியோடு மறுபடி வரைந்துகொண்டது.
திரைவாசிப்பானுக்கு எது புதிது எது பழையது என்று தெரியவில்லை,
காதில் கடுகு வெடித்தது:
வரி நாற்பத்தெட்டு நெடுவரிசை பன்னிரண்டு
அலைக்குறி அலைக்குறி அலைக்குறி
நாற்பது விழுக்காடு
அலைக்குறி
அவள் கேட்டது ஒரு சொல்.
வந்தது ஒரு சந்தை.

மூடினாள்.

எட் என்று ஒன்று உண்டு, ஈரெழுத்துப் பெயர்.
திரையே இல்லாமல்
காகிதத்தில் பதில் அடித்துத் தந்த இயந்திரங்களுக்காக எழுதியது.
கேட்டால்தான் பேசும்.
புரியாவிட்டால் ஒரு கேள்விக்குறி, அதோடு சரி.
உர்மாஸ் அதை வாயில்லாப் பூச்சி என்பான்.
இனெஸ்ஸாவுக்கு அதனோடு பதினெட்டு வருடச் சிநேகம்.
அவசியமில்லாமல் வாய் திறக்காதவர்களை
அவளுக்குப் பொதுவாகவே பிடிக்கும்.

கோப்பைத் திறந்தாள்.
2214 என்றது.
இத்தனை பைட் இருக்கிறது, எடுத்துக்கொள், என்பது போல.

நாற்பத்தெட்டு, பி.
குரல் அவள் பழக்கிய வேகத்தில் ஓடியது.
நமக்கு அது தகரக் கூரையில் மழை,
அவளுக்குத் துளி துளியாக விழும்.
ஒரு துளி பிசகியது.
இன்னொரு முறை.
சர்க்யூட் என்ற சொல்லின் வாசலிலேயே
குரல் தடுக்கியது.

எல் என்று அடித்தாள்.
ஒளிந்திருப்பதையும் இழுத்து வந்து நிறுத்தும் கட்டளை.
பின்சாய்கோடு முந்நூற்று இருபத்தொன்று,
பின்சாய்கோடு இருநூற்றொன்று,
அப்புறம்தான் மீதி எழுத்துகள்.

ஆங்கில சி இல்லை அது. ரஷ்ய எஸ்.
உருவம் ஒன்று, விசைப்பலகையில் இடமும் ஒன்று.
தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்குத் தெரியும்,
ரகரமும் துணைக்காலும் மாறி மாறிப் போடும் வேஷம்.
கண் இரண்டுக்கும் ஒரே நாற்காலி போடும்,
விரலும் அப்படியே.

யார் வேலை இது என்று
உதட்டுக்கு வந்த வசவை
மாலை ஆறரை மணி வந்து நிறுத்தியது.
மகன் க்ளெபுக்கு ரஷ்ய மொழியில் எழுதிக்கொண்டிருந்தாள்,
சூப் உறைபெட்டியில், மூடியைத் திறந்து சூடாக்கு என்று.
நடுவில் இந்தக் கோப்பில் ஒரு சிறு திருத்தம்.
மொழி மாற்ற மறந்த விரல்.
அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் சொல்லும் குரலை
தொணதொணப்பு என்று
அவளேதான் அன்று காலை அணைத்து வைத்திருந்தாள்.

மாற்றினாள். எழுதச் சொன்னாள்.
2213.

"என்னதான் தப்பு?" என்றான் உர்மாஸ்.
"எழுத்துப்பிழை."
அப்புறம், "என்னோடது."
அவனிடமிருந்து
ஒரு கேள்விக்குறி நீளத்துக்கு ஒன்றும் வரவில்லை.

நான்கு மணி வாக்கில் ரேடியேட்டருக்குள் எதுவோ முனகியது.
பூனைதான் முதலில் போய் ஒட்டிக்கொண்டது.
அணைத்து வைத்த குரலை மறுபடி எழுப்பிவிட்டு
க்யூ என்ற விசையை அழுத்தினாள்.
"க்யூ" என்றது குரல், கடமையாக.
எட் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டது.